ஆள் எடுக்கும் ஏஐ: ஐரோப்பியச் சட்டமா, நியூயார்க் சட்டமா?

வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் மென்பொருள்தான் எங்கள் சிறிய நிறுவனத்தின் தொழில். வாடிக்கையாளர்களில் சிலர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள், சிலர் நியூயார்க்கில். இரண்டு சட்டத்துக்கும் தனித்தனியாக ஆள் போட எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எதை அடித்தளமாக வைப்பது என்று பேசி, கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தையே எடுத்துக்கொண்டோம்.

எல்லோரும் முதலில் கேட்பது அபராதம். ஐரோப்பாவில் எங்களைப் போன்ற மென்பொருள் கடமை தவறினால் 1.5 கோடி யூரோ அல்லது நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 3 சதவீதம் வரை போகலாம்; சிறு நிறுவனம் என்றால் இரண்டில் எது குறைவோ அது. நியூயார்க்கில் முதல் மீறலுக்கு 500 டாலர் வரை, அடுத்தடுத்த மீறல் ஒவ்வொன்றுக்கும் 500 முதல் 1,500 டாலர். தொகையை மட்டும் பார்த்தால் நியூயார்க் பக்கம்தான் சாயத் தோன்றும். எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது அபராதமில்லை, பராமரிப்பு.

நியூயார்க் நகரத்தின் உள்ளூர்ச் சட்டம் 144, 2023 ஜூலையிலிருந்து அமலாக்கப்படுகிறது. கருவியைப் பயன்படுத்துவதற்கு முந்தைய ஓராண்டுக்குள் வெளி ஆடிட்டர் ஒருவர் பாரபட்சத் தணிக்கை செய்திருக்க வேண்டும். அதன் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும், விண்ணப்பதாரருக்கு 10 வேலை நாள் முன்பே சொல்ல வேண்டும். தணிக்கையின் மையம் ஒரு விகிதம். ஆண்களில் நூற்றுக்கு 40 பேரும் பெண்களில் நூற்றுக்கு 30 பேரும் தேர்வானால், 30-ஐ 40-ஆல் வகுத்து 0.75. சரி, 0.75 வந்தால் என்ன செய்வது? இந்தச் சட்டம் எண்ணை வெளியிடச் சொல்கிறதே தவிர, எந்த எண் வந்தால் தேறவில்லை என்று சொல்வதில்லை. அதைவிடச் சங்கடம், தணிக்கை ஆண்டுக்கு ஒருமுறை. மாடலை நாங்கள் மாற்றுவதோ அடிக்கடி. போன வருடத்து மாடலுக்கு வந்த எண்ணைக் காட்டிக்கொண்டு இந்த வருடத்து மாடலை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஐரோப்பியச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆள் தேர்வு மென்பொருளை அது 'அதிக ஆபத்து' வகையில் வைக்கிறது. கேட்டதும் பயம் வரும். ஆனால் எங்கள் வகைக்கு வெளி ஆடிட்டர் கட்டாயமில்லை; மென்பொருள் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் இணக்க மதிப்பீட்டை நாமே செய்து கையெழுத்திடலாம். பதிலுக்கு அது கேட்பது ஓயாத பராமரிப்பு. தொழில்நுட்ப ஆவணம் எப்போதும் நடப்பு நிலையில் இருக்க வேண்டும், அதைப் பத்தாண்டு வைத்திருக்க வேண்டும். மென்பொருள் என்ன செய்தது என்ற குறிப்பு (லாக்) தானாகப் பதிவாக வேண்டும், குறைந்தது ஆறு மாதம் அழிக்கக் கூடாது. முடிவை மனிதர் ஒருவர் மாற்ற வழி வேண்டும்.

எங்களை இழுத்தது 43-ஆவது பிரிவில் இருக்கும் ஒரு சலுகை. மென்பொருளில் பெரிய மாற்றம் செய்தால் மதிப்பீட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் கற்றுக்கொண்டே போகும் மென்பொருளில் என்னென்ன மாறும் என்று முதலிலேயே ஆவணத்தில் எழுதி மதிப்பிட்டிருந்தால், அந்த மாற்றங்கள் பெரிய மாற்றம் என்ற கணக்கில் வராது. அதனால் இப்போது ஒவ்வொரு வெளியீட்டோடும் என்ன மாறியது, எந்தச் சோதனை ஓடியது, யார் ஒப்புக்கொண்டார் என்று அன்றே எழுதிவிடுகிறோம். டெவலப்பர்கள் முனகத்தான் செய்கிறார்கள். ஆனால் நியூயார்க் ஆடிட்டர் தரவு கேட்கும்போது இந்தப் பதிவுகளிலிருந்தே பெரும்பகுதியை எடுத்துக் கொடுக்க முடிகிறது. தணிக்கை அறிக்கையை வைத்து ஐரோப்பிய ஆவணத்தை எழுத முடியாது.

ஐரோப்பாவில் குறையில்லாமல் இல்லை. ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நிறுவனம் அதற்குள் ஓர் அதிகாரபூர்வப் பிரதிநிதியை நியமிக்க வேண்டும்; அது தனிச் செலவு. தேதிகளும் ஆட்டம் காண்கின்றன: 2026 ஆகஸ்டில் தொடங்கும் என்றிருந்த அதிக ஆபத்துக் கடமைகளைத் தள்ளிப்போட ஐரோப்பிய ஆணையமே 2025 நவம்பரில் முன்மொழிந்தது. எங்களிடம் இதுவரை எந்த ஐரோப்பிய அதிகாரியும் ஆவணம் கேட்டதில்லை, ஆகவே நேரில் சோதனை எப்படிப் போகும் என்று அனுபவத்திலிருந்து பேச மாட்டேன். சீனா, தென்கொரியாவில் வாடிக்கையாளர் இல்லாததால் அந்தச் சட்டங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

வாடிக்கையாளர் எல்லோருமே நியூயார்க்கில்தான், மாடலும் வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும் என்றால், ஆடிட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் போவதே மலிவு.