பைக் பிரேக்கில் ஏர் எடுக்க எது சரி: லிவரா, சிரிஞ்சா, வேக்குவம் பம்பா?

டிஸ்க் பிரேக்கின் ஆயில் குழாய்க்குள் (லைன்) புகுந்த காத்தை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம். எந்த முறை எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஆயில் மட்டும் கறுத்துப்போயிருக்கிறது என்றால் லிவரை அமுக்கி எடுக்கும் பழைய முறையே போதும். லிவரைப் பிடித்தால் மெத்து மெத்தென்று ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டுகிறது, அல்லது காலிப்பரை (சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) கழற்றி மாட்டியதில் லைன் காலியாகிவிட்டது என்றால் சிரிஞ்ச். வேக்குவம் பம்ப்பை வீடியோக்களில் பார்த்தால் வாங்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஓடுகிற வண்டிக்கு அதை நான் கடைசி இடத்தில்தான் வைக்கிறேன். காரணம் உப்பு.

எந்த முறைக்கும் முன்னால் காலிப்பரில் இருக்கிற சின்ன நிப்பிளை, அதாவது ஆயிலும் காத்தும் வெளியேறத் திறந்துவிடுகிற ஓட்டை வைத்த திருகை, குனிந்து பாருங்கள். அதன் ரப்பர் மூடி முக்கால்வாசி வண்டிகளில் எங்கோ விழுந்திருக்கும். மூடி இல்லாத ஓட்டைக்குள் மணலும் உப்பும் சேர்ந்து அடைத்திருக்கும், நிப்பிளின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். காலிப்பர் அலுமினியம், நிப்பிள் இரும்பு; இந்த இரண்டுக்கும் நடுவில் உப்புத்தண்ணி நின்றால் ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். தனுஷ்கோடி ரோட்டில் இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு அரிச்சல்முனை வரை அடிக்கடி போய்வருகிற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரேயைத் திரெட்டில் மட்டும் ஒரு சொட்டு விடுங்கள், டிஸ்க்கிலும் பேடிலும் படவே கூடாது. காலையில் ஒரு பின்னை வைத்து ஓட்டையைச் சுத்தம் செய்துவிட்டு, ரிங் ஸ்பேனரால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 8 எம்எம் சரியாக உட்காரும். வாய் திறந்த ஸ்பேனர் வேண்டாம், முனையைத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். நிப்பிள் உள்ளே ஒடிந்தால் துளைபோட்டு எடுக்க வேண்டியிருக்கும், சில நேரம் காலிப்பரே போய்விடும்.

ஆயில் விஷயத்தில் ஒப்பிட ஒன்றுமே இல்லை. வண்டியில் பிரேக் ஆயில் நிற்கிற டப்பாவின் மூடியில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ அதுதான், பெரும்பாலும் டாட் 4. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் 3.7 சதவீதம் ஏறிவிட்டால் அந்த அளவுகோல் 155-க்கு இறங்கிவிடும். நம்ம ஊர்க் காத்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதால், திறந்து அலமாரியில் வைத்த பாதி பாட்டிலை அடுத்த தடவைக்கு நம்பாதீர்கள், சின்ன பாட்டிலாக வாங்குங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், முடிந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால், வெயில் நாளாகப் பார்த்து. டாட் 5 என்பது சிலிகான், அதை இதோடு கலக்கவே கூடாது, டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம்தான்.

சரி, லிவர் முறை. நிப்பிளில் ரிங் ஸ்பேனரைப் போட்டு, அதன் மேல் கண்ணாடி மாதிரி தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கவிடுங்கள். தம்பியையோ மச்சானையோ வண்டிமேல் உட்காரவைத்து லிவரைப் பிடிக்கச் சொன்னால் பாதி வேலை குறையும். 'பிடி' என்றால் பிடித்தபடியே இருக்க வேண்டும், நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க லிவர் இறங்கும், நிப்பிளை மூடினீர்கள், அப்புறம்தான் 'விடு'. இந்த வரிசை மாறினால் வெளியே போன காத்து அப்படியே உள்ளே திரும்பும். இதில் எனக்குப் பிடித்ததே டியூபில் எல்லாம் தெரிவதுதான். முதலில் டீ நிறத்தில் வரும், நடுநடுவே கடுகு அளவில் குமிழி ஓடும், பிறகு தேன் நிறம், கடைசியில் புது ஆயிலின் வெளிர் மஞ்சள். அழுக்கு கீழ்நோக்கியே வெளியேறுவதால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (லிவரை அமுக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற பாகம்) எதுவும் ஏறாது. மேலே டப்பாவில் ஆயில் குறைந்து ஓட்டை தெரிகிற அளவுக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இதன் குறை, லைன் முழுக்கக் காத்தாக இருக்கும்போது தெரியும். காத்து மேலே ஏறப் பார்க்கும், நாமோ அதைக் கீழே தள்ளிக்கொண்டிருப்போம். முன் பிரேக்கில் ஹோஸ் நேராக மேலே போகிறது, எவ்வளவு அமுக்கினாலும் மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து போல்ட்டில் ஒரு குமிழி போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்னும். இன்னொன்று, பழைய வண்டியில் லிவரைக் கடைசி வரை திரும்பத் திரும்ப அமுக்கினால், வழக்கமாக உரசாத, அழுக்கும் அரிப்பும் படிந்த இடத்தில் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய் உரசும். நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்து லிவர் முழுதாக இறங்காமல் தடுத்தால் நல்லது.

சிரிஞ்ச் முறை இங்கேதான் ஜெயிக்கிறது. மெடிக்கல் கடையில் 50 மில்லி சிரிஞ்சும், நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் டியூபும் போதும், ஆளும் வேண்டாம். மேலே டப்பாவிலிருந்து பழைய ஆயிலை இன்னொரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, கீழே நிப்பிள் வழியாகப் புது ஆயிலை மெதுவாக ஏற்றுங்கள். காத்து தானாகப் போக நினைக்கிற திசையும் அதுதான் என்பதால் டப்பாவில் குமிழி குமிழியாக வந்து உடையும். வேகமாக அழுத்தினால் டியூப் கழன்று ஆயில் தெறிக்கும், டப்பா வழிந்தால் டேங்க் பெயின்ட் உரிந்து வரும், அதனால் ஒரு ஈரத்துணியும் ஒரு வாளித் தண்ணியும் பக்கத்திலேயே இருக்கட்டும். பிரேக் ஆயில் தண்ணியில் கரையும், உடனே கழுவினால் பெயின்ட் பிழைக்கும். சிரிஞ்சின் ரப்பர் ஆயிலில் ஊறி இறுகிப்போகலாம், ஒரு வேலையோடு தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காலிப்பரில் தங்கிய அழுக்கும் இதோடு மேலே ஏறும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் உள்ள வண்டியில் அது மாடுலேட்டருக்குள் (ஏபிஎஸ்ஸின் வால்வுகள் இருக்கிற பெட்டி) போவது நல்லதில்லை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியிலும் இருக்கலாம். அப்படியானால் முதலில் லிவர் முறையில் பழசை வெளியேற்றிவிட்டு, அப்புறமும் மெத்தென்று இருந்தால் மட்டும் சிரிஞ்ச். மாடுலேட்டருக்குள்ளேயே காத்து போய்விட்டால் சில வண்டிகளுக்கு சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர் இல்லாமல் முடியாது.

வேக்குவம் பம்ப் கீழிருந்து உறிஞ்சும், தனி ஆளாகச் சீக்கிரம் முடியும். ஆனால் நிப்பிளைத் திறந்ததும் திரெட் வழியாக வெளிக்காத்தையும் உறிஞ்சும். புது வண்டியிலேயே இது உண்டு, உப்பு தின்ற திரெட்டில் கேட்கவே வேண்டாம். டியூபில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். லைனிலிருந்து வருகிறதா, திரெட்டிலிருந்து வருகிறதா என்று சொல்லவே முடியாது. திரெட்டைச் சுற்றி கிரீஸ் தடவினால் கொஞ்சம் குறையும். முதல் தடவை கற்றுக்கொள்கிறவருக்கு எப்போது நிறுத்துவது என்பதே தெரியாமல் போகிற முறை இது. காசும் மற்ற இரண்டைவிட அதிகம்.

நிப்பிளைத் திறந்துவிட்டுத் தானாகச் சொட்டவிடுவதும் ஒரு வழிதான், பொறுமை இருந்தால் செய்யலாம். பின் பிரேக்குக்கு லிவர் முறையே போதும், அங்கே ஹோஸ் அவ்வளவு செங்குத்தாக ஏறுவதில்லை.

எதைச் செய்தாலும் கடைசியில் நிப்பிளை அளவாக இறுக்கி, புது ரப்பர் மூடி போடுங்கள். லிவர் இன்னும் லேசாக மெத்தென்றால் ஒரு கயிற்றால் ஹேண்டில்பாரோடு இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள், ஹேண்டிலைத் திருப்பி டப்பா உயரமான இடத்தில் நிற்கிற மாதிரி. காலையில் கட்டை அவிழ்த்து, லிவரை இறுகப் பிடித்தபடி நிப்பிளிலும் போல்ட்டுகளிலும் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மெயின் ரோட்டில் ஏறுங்கள்.