வால்யூம், பேனிங்: மூடுபனி ஊருக்கு எந்த மிக்ஸர்?

பல மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் சின்ன ஆடியோ மிக்ஸர் ஒன்றைச் சொந்தமாகக் கட்ட உட்கார்ந்தால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒவ்வொரு மைக்குக்கும் சத்தத்தையும் (வால்யூம்) இடம்-வலத்தையும் (பேனிங்) எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதைத்தான். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர் மண்டபத்துக்கு ஆறு சேனலில் ஒன்று கட்டினேன். எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

இடதுக்கு ஒரு கன்ட்ரோல் (குமிழைத் திருப்பினால் அளவு மாறும் ரெசிஸ்டர்), வலதுக்கு ஒரு கன்ட்ரோல் என்று வைப்பது முதல் வழி. சுற்று எளிது, செலவும் குறைவு. ஆனால் பாடுபவரின் குரலைக் கொஞ்சம் ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு குமிழையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். மலிவான கார்பன் கன்ட்ரோல்களில் இரண்டும் ஒரே கோணத்தில் நின்றாலும் 2, 3 டெசிபல் வித்தியாசம் வருவது சகஜம். சத்தம் ஏறும்போதே குரல் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். பதிவுக்கு ஒருமுறை செட் செய்துவிட்டு விடுவதானால் பரவாயில்லை, மேடைக்கு ஆகாது.

காலங்காலமாக எல்லோரும் செய்வது இரண்டாவது வழி: வால்யூமுக்கு ஒன்று, பேனிங்குக்கு ஒன்று. 10 கிலோ ஓம் லீனியர் கன்ட்ரோலின் நடுக்காலை (உள்ளே தடத்தின் மேல் நகரும் தொடுமுனை) கிரவுண்டில் கொடுத்து, இரு முனைகளுக்கும் சிக்னலை 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அனுப்பினால் போதும். குமிழ் நடுவில் இருக்கும்போது ஒவ்வொரு பக்கமும், ஓரத்துக்குத் திருப்பினால் கிடைப்பதைவிட ஏறக்குறைய 3 டெசிபல் குறையும். காதுக்கு மொத்தச் சத்தம் மாறாமல் இருக்க அதுதான் வேண்டும். ரேடியோ ரிப்பேர் தெரிந்த யாரும் இதைச் சரிசெய்வார்கள். சமவெளியில் இருந்திருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேன்.

இங்கே பிரச்சினை ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியிலும் குன்னூரிலும் மழை விட்டாலும் மூடுபனி விடாது. பூட்டிக் கிடக்கும் மண்டபத்துக்குள் சுவரே வியர்த்து நிற்கும். கார்பன் தடத்தின் மேல் படியும் ஈரத்திலும் அழுக்கிலும் நடுக்கால் சரியாக ஒட்டாது. அப்புறம் கரகரதான். மேலே சொன்ன சுற்றில் அது வெறும் கரகரப்போடு நிற்பதும் இல்லை. நடுக்கால் ஒரு கணம் விட்டுப்போனால் கிரவுண்டே அறுந்து, சிக்னல் குறையாமல் இரண்டு பக்கமும் பாயும். நடுவில் இருந்த குரல் 7 டெசிபலுக்கு மேல் எகிறும். ஹெத்தையம்மன் பண்டிகைப் பாட்டுக்கு நடுவில் அப்படி ஒரு வெடிச்சத்தம் வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். காண்டாக்ட் கிளீனர் அடிக்கலாம். அடுத்த மழைக்கு மறுபடி அடிக்க வேண்டும்.

அதனால்தான் மூன்றாவது வழிக்குப் போனேன். இதில் கன்ட்ரோலுக்குள் பாட்டே போவதில்லை, டிசி மின்னழுத்தம் மட்டும்தான். அதை ஆர்டுயினோ நானோ என்ற ப்ரோகிராம் ஏற்றும் சின்ன போர்டு படித்துக் கட்டளை அனுப்பும். சத்தத்தைக் குறைக்கும் வேலை பிடி2258 என்ற ஐசியுடையது, 5.1 ஹோம் தியேட்டர் கிட்களில் வரும் அதே ஐசிதான். அதில் ஆறு தனித்தனி சிக்னல் பாதைகள், ஒவ்வொன்றையும் 1 டெசிபல் படியில் 79 டெசிபல் வரை குறைக்கலாம். ஒரு மைக்குக்கு இடது, வலது என்று இரண்டு பாதை கொடுத்தால் ஒரு ஐசியில் மூன்று சேனல். எனக்கு இரண்டு ஐசி போதுமாக இருந்தது.

வால்யூமும் பேனிங்கும் சேர்வது நானோவின் ப்ரோகிராமில், வெறும் கூட்டல் கணக்காக. வால்யூம் 20 டெசிபல் குறைப்பு, பேனிங் நடுவில் என்றால் இரு பக்கமும் 23. பாதி இடதுக்குத் திருப்பினால் இடது 21, வலது 28. மண்டபத்தில் மோனோ ஸ்பீக்கர் என்பதால் நடுக்குரல் தூக்கலாகக் கேட்டதா, ப்ரோகிராமில் உள்ள பேனிங் அட்டவணையில் நடுவுக்கான 3-ஐ 5 ஆக்கினால் முடிந்தது. ரெசிஸ்டரைக் கழற்ற வேண்டாம்.

ஒவ்வொரு கன்ட்ரோலின் நடுக்காலிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வைத்தேன். தொடர்பு ஒரு நொடிப்பொழுது விட்டாலும் பழைய மின்னழுத்தம் அதில் தங்கி நிற்கும், ஸ்பீக்கரில் எதுவும் தெரியாது. ஆர்டுயினோ நானோவில் மின்னழுத்தத்தைப் படிக்கும் அனலாக் கால் எட்டு, அதில் இரண்டு, ஐசிக்குக் கட்டளை போகும் ஐ2சி இணைப்புக்குப் போய்விடும். பன்னிரண்டு கன்ட்ரோலுக்கு ஒரு 4067 மல்டிபிளெக்சர் (பல கன்ட்ரோல்களை ஒரே காலுக்கு மாற்றி மாற்றி இணைக்கும் ஐசி) சேர்க்க வேண்டியிருந்தது. கரன்ட் வந்ததும் 200 மில்லிசெகண்டாவது பொறுத்துவிட்டுத்தான் பிடி2258-க்குக் கட்டளை அனுப்ப வேண்டும். காற்றடித்தால் கரன்ட் கண்ணடிக்கும் ஊர் என்பதால், எல்லா அளவுகளையும் அவ்வப்போது திரும்ப அனுப்பும்படியும் எழுதிவைத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. குமிழை வேகமாகத் திருப்பினால் 1 டெசிபல் படிகள் மெல்லிதாகக் காதில் படும். பிடி2258-க்குப் பதில் பிஜிஏ2311 என்ற ஐசி போட்டால் படி 0.5 டெசிபல்தான், சிக்னல் பூஜ்யத்தைக் கடக்கும்போது மட்டும் அளவை மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் ஒரு ஐசிக்கு ஒரு சேனல்தான், விலையும் கடிக்கும். மண்டபத்துக்கு அது வேண்டியதில்லை. நான் ஊரில் இல்லாத நேரம் ப்ரோகிராம் மக்கர் செய்தால் உள்ளூரில் சரிசெய்ய ஆள் கிடைப்பது சிரமம், அதனால் ப்ரோகிராம் ஏற்றிய இன்னொரு நானோவை மிக்ஸர் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைத்திருக்கிறேன். இடி மின்னலை இது எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் ஓட்டவில்லை. இரண்டு மைக் மட்டும்தான் என்றால் இவ்வளவு வேலை தேவையில்லை. இரண்டாவது வழியில் கட்டிவிட்டு, கிளீனர் டப்பா ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.