கிளிநொச்சியில் வாங்கிய சின்ன கரண்ட் அவனில் விசுக்கோத்து

கிளிநொச்சி டவுனில் வாங்கிய இந்த கரண்ட் அவனில் நான்கு தடவை விசுக்கோத்து சுட்டுவிட்டேன், கடையில் விற்கிற மொறுமொறு வகை இல்லை, பிய்த்தால் அடுக்கடுக்காக ஆவி பறக்கிற மெத்தென்ற வகை. அவன் சூடு 220 பாகைக்கு ஏற 20 நிமிடம் எடுக்கிறது. சூடேறும் முன் தட்டை வைத்தால் பட்டர் உருகி ஓடிவிடும், விசுக்கோத்து பொங்காது. எங்கள் வன்னி வெயிலில் பட்டர் விரலிலேயே கரைகிறதே, அதனால் மாவையும் பட்டரோடு சேர்த்துப் பிரிட்ஜில் வைத்துத்தான் பிசறுவேன். 2 கப் கோதுமை மாவுக்கு 100 கிராம் பட்டர், ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், உப்பு, குளிர்ந்த மோர். பிசையவே கூடாது, மடித்துத் தட்டினால் போதும். பின்பக்கம் சீக்கிரம் கருகுவதால் எட்டாவது நிமிடம் தட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது, அது பெரிய குறைதான். ஆனாலும் இரண்டு விரல் உயரத்துக்குப் பொங்குகிறது, சரி, தாராளமாக வாங்கலாம்.