காருக்கு எவ்வளவு பிபிஎஃப் போதும்? 4 ஆண்டுகள், 71,000 கிலோமீட்டருக்குப் பிறகு

புதிய கார் கைக்கு வருவதற்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போதே, பிபிஎஃப் எனப்படும் பெயிண்ட் பாதுகாப்பு பிலிமைப் பற்றிய குழப்பம் எனக்குத் தொடங்கிவிட்டது. காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் டிடெய்லிங் கடைக்காரர்களிடம் விசாரித்தேன். அவர்களில் ஒருவர் முன்பக்கம் மட்டும் போதும் என்றார். இன்னொருவர் கார் முழுவதும் ஒட்டாவிட்டால் கொடுக்கும் பணம் வீண் என்றார். மூன்றாமவர் செராமிக் கோட்டிங் போட்டுக்கொண்டால் பிலிமே தேவையில்லை என்று சாதித்தார். அவரவர் கடையில் எது அதிகம் விற்கிறதோ அதற்கேற்ப ஆலோசனையும் மாறுகிறது என்பது புரிந்த பிறகு, நானே யோசித்து முடிவெடுத்தேன். அந்த முடிவுக்கு இப்போது 4 ஆண்டுகள் ஆகின்றன. ஓடோமீட்டர் 71,000 கிலோமீட்டரைக் காட்டுகிறது. எது சரியாக அமைந்தது, எங்கே தவறினேன் என்று எழுத இந்தக் காலம் போதும் என்று நினைக்கிறேன்.

எனக்கு உண்மையில் வழிகாட்டியது, விற்பதற்காக நிறுத்தி வைத்திருந்த என் பழைய கார்தான். அதே பாதைகளில் 9 ஆண்டுகள் ஓடிய வண்டி அது. ஓர் இரவு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அதை முழுவதும் சுற்றிப் பார்த்தேன். பானெட்டின் முன்விளிம்பிலிருந்து இரண்டு சாண் தூரத்துக்குக் கல் பட்ட புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. அதற்கு மேல் அவை குறைந்துகொண்டே போயின. பம்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் எதிர்பாராத இடங்களும் இருந்தன: முன்சக்கரம் வாரியிறைக்கும் சரளைக்கற்கள் கதவுகளுக்குக் கீழே உள்ள பட்டைப் பகுதியிலும், பின்கதவு பின்சக்கரத்தை நோக்கி வளையும் இடத்திலும் பெயிண்டைக் கொத்தி எடுத்திருந்தன. கதவுகளின் நடுப்பரப்பில் கல் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கைப்பிடிக் குழிகளில் நகமும் மோதிரமும் கீறிய கோடுகள் நிறைய இருந்தன. டிக்கியிலிருந்து பெட்டிகளை இழுத்து இறக்கியதில் பின்பம்பரின் மேல்விளிம்பு தேய்ந்து மங்கியிருந்தது. புதிய காரில் எங்கெங்கே பிலிம் ஒட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் எந்தக் கடையிலும் கிடைத்திருக்காது.

செராமிக் கோட்டிங் ஏன் இதற்கு மாற்றாகாது என்பதைத் தடிமனே சொல்லிவிடும். தொழிற்சாலையில் அடிக்கப்படும் பெயிண்ட், அடிப்பூச்சு முதல் மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான். செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரான் கனமே உள்ள கண்ணாடி போன்ற பூச்சு. தண்ணீர் நிற்காமல் உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும், அவ்வளவுதான். டிபியு எனப்படும் பாலியூரித்தேன் வகையில் செய்யப்படும் பிபிஎஃப்போ 150 முதல் 200 மைக்ரான் வரை, அதாவது அடியில் உள்ள பெயிண்டைவிடவே தடிமனாக இருக்கும். அது மென்மையாகவும் நீளும் தன்மையுடனும் இருப்பதால், கல் மோதும் விசையைத் தான் வாங்கிக்கொள்கிறது. விலை குறைவு என்று சிலர் காட்டிய பிவிசி பிலிம்களை நான் தொடவில்லை. அவை வெயிலில் சீக்கிரமே விறைத்து மஞ்சளாகிவிடும்.

ஆகவே பானெட் முழுவதும், முன்பம்பர், முன்சக்கரங்களுக்கு மேலுள்ள இரண்டு ஃபெண்டர்கள், பக்கக் கண்ணாடிகளின் பின்புறம், ஹெட்லைட்கள், கதவுகளுக்குக் கீழுள்ள பட்டைகள், பின்சக்கர வளைவு, கைப்பிடிக் குழிகள், கதவு ஓரங்கள், பின்பம்பரின் மேல்விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் ஒட்டச் சொன்னேன். புள்ளிகள் முன்விளிம்பில்தானே அதிகம், பானெட்டில் பாதிக்கு ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதும்தான், ஆனால் பிலிம் முடியும் இடத்தில் ஒரு கோடு தெரியும், அந்தக் கோட்டில் தூசியும் மெழுகும் சேரும். என் கார் அடர்நீல நிறம். ஓட்டுநர் இருக்கையில் உட்காரும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க எனக்குப் பொறுமையில்லை.

ஒட்டிய பிறகு முதல் இரண்டு வாரங்கள் பானெட்டில் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் தெரிந்தன. பிலிமை நகர்த்திச் சரிசெய்வதற்காகத் தெளிக்கும் சோப்புத் தண்ணீரின் மிச்சம் அது. தானாகவே வற்றி மறைந்தது.

இரண்டாம் ஆண்டில் நெடுஞ்சாலையில் முன்னால் சென்ற லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்துப் பானெட்டில் அறைந்தது. வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தபோது, பிலிமில் மிளகு அளவுக்கு ஒரு குழி விழுந்து, அதன் நடுவில் மெல்லிய கிழிசலும் இருந்தது. விரல் நுனியால் தடவினால் தட்டுப்பட்டது. ஆனால் அடியில் நீலம் அப்படியே இருந்தது, வெள்ளையாக எதுவும் தெரியவில்லை. அந்தக் குழி இன்றும் அங்கேதான் இருக்கிறது. கீறல்கள் தாமாகவே ஆறிவிடும் என்ற விளம்பரத்தை நம்பி இதற்கும் வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன், பயனில்லை. துணியால் துடைக்கும்போது விழும் மயிரிழைக் கோடுகள் மட்டும் வெந்நீரிலோ நல்ல வெயிலிலோ உண்மையிலேயே மறைகின்றன; பிலிமின் மேற்பூச்சைத் தாண்டிய காயம் ஆறுவதில்லை.

குறைகளில் ஒன்றுக்கு நானே பொறுப்பு. வாட்டர் சர்வீஸில் அழுத்தக்குழாயை பம்பர் மூலைக்கு மிக நெருக்கமாகப் பிடித்ததை நான் தடுக்காமல் நின்றேன்; பிலிமின் ஓரம் தூக்கிக்கொண்டது, உள்ளே மண் புகுந்ததால் மீண்டும் ஒட்டவில்லை, வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. மற்றொன்று ஒட்டியவருடைய கைவேலை. மூன்றாம் ஆண்டில் ஒரு ஸ்கூட்டர் இடித்து இடது ஃபெண்டர் நசுங்கியபோது பிலிமை உரித்தோம். விளிம்பை ஒட்டிக் கிளியர் கோட்டில் ஒரு நேர்க்கோடு, பிளேடு ஓடிய தடம், துல்லியமாகத் தெரிந்தது. பிலிமைக் காரின் மேலேயே வைத்து வெட்டியிருக்கிறார்கள். கணினியில் அளவு கொடுத்து இயந்திரத்தில் முன்கூட்டியே வெட்டிக்கொண்டு வருகிறார்களா என்று கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஃபெண்டருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, அது முழுதாக உலர ஒரு மாதம் காத்திருந்து, மீண்டும் பிலிம் ஒட்டினேன். காப்பீடு பெயிண்ட் வேலைக்குப் பணம் தந்தது, பிலிமுக்குத் தரவில்லை. முழுக்காருக்கும் ஒட்ட நினைப்பவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கதவு ஓரப் பட்டைகள் இரண்டு முறை உரிந்து வந்தன. அவை தேவையற்றவை என்றே இப்போது தோன்றுகிறது. மாறாக, கைப்பிடிக் குழிகளிலும் பின்பம்பர் விளிம்பிலும் ஒட்டிய சின்னத் துண்டுகள் மிகக் குறைந்த பிலிமில் மிக அதிகமாக உழைத்திருக்கின்றன. பிலிம் ஒட்டாத கதவுகளில், துடைக்கும்போது விழும் மெல்லிய சுழல் கோடுகள் வரத்தான் செய்தன. மூன்றாம் ஆண்டில் ஒருமுறை பாலிஷ் செய்ததில் அவை போய்விட்டன. அதில் கிளியர் கோட்டும் சிறிதளவு தேயும் என்பதால் அடிக்கடி செய்யக்கூடாது, ஆனால் என் பயன்பாட்டுக்கு அது போதும். பாலிஷே செய்ய முடியாத, பளபளப்பில்லாத மேட் பெயிண்டாக இருந்தால் நானும் முழுக்காருக்கே ஒட்டியிருப்பேன். எப்போதும் திறந்தவெளியில் நிற்கும் கறுப்புக் காருக்கும் அந்த யோசனையில் நியாயம் உண்டு. ஆயினும் பிலிம் இருந்தால் கவலையே இல்லை என்று எண்ண வேண்டாம்: மூன்று நாள் துடைக்காமல் விட்ட பறவை எச்சம் என் பானெட் பிலிமிலேயே மங்கிய கறையாகப் பதிந்துவிட்டது.

பழைய காரைப் பார்த்த அன்று நான் கவனிக்கத் தவறிய ஒரே இடம், முன்கண்ணாடிக்கு மேலே கூரை தொடங்கும் விளிம்பு. புதிய காரில் அங்கே இப்போது ஆறு புள்ளிகள் இருக்கின்றன. ஒரு சாண் அகலத்துக்கு அங்கே பிலிம் ஒட்ட அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறேன். அதற்குள் டச்-அப் பெயிண்டால் அந்த ஆறையும் நிரப்பி உலரவிட வேண்டும், இல்லாவிட்டால் பிலிமுக்கு அடியில் அவை அப்படியே தெரிந்துகொண்டிருக்கும்.