முந்திரிக்கொத்தும் நீலக் கையுறையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 80 சென்ட் ரப்பர் இருந்தது. விடியும் முன் பால்வெட்டு. சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்ட காசில்தான் நான் நர்சிங் படித்தேன். அந்த ரப்பர் பாலே எனக்கு ஆகாது என்று இங்கிலாந்தில் நான் இருக்கும் பர்மிங்காமில் இரத்தப் பரிசோதனை சொன்னபோது, அம்மா போனில் வெகுநேரம் சிரித்தார்.

ஷீட் ரப்பரால் எனக்குத் தொந்தரவு வந்ததில்லை. கையுறையும் பலூனும் செய்வது அமோனியா சேர்த்துக் கெட்டியாக்கிய பாலில். ஒவ்வாமை தரும் புரதம் அதில் அதிகம் தங்கிவிடுகிறது. வார்டில் பல ஆண்டுகள் அந்தக் கையுறை மாட்டிய பிறகுதான் முதலில் கை அரித்தது. பிறகு கண் வீங்கியது. ஒருநாள் மூச்சு இழுத்தது. ரப்பர் ஆகாதவர்கள் சிலருக்கு வாழைப்பழமும் ஆகாது. மட்டி வாழைக்குப் பேர்போன ஊரில் பிறந்து வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கும் பிறவி நான்.

இந்த டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது, சித்தி செய்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தைக் கடித்து, கடைவாய்ப் பல்லின் பழைய ஃபில்லிங் பெயர்ந்துவிட்டது. அன்று மாலையே பக்கத்து டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏசி, பெரிய டிவி, பளபளவென்று தரை. கேட்டது இரண்டே கேள்வி: சுகர் உண்டா, பிரஷர் உண்டா? ரப்பர் கையுறை ஆகாது என்று நானாகச் சொன்னேன். “பவுடர் போட்ட கையுறைதான் மேடம், அரிக்காது” என்றார் உதவியாளர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புரதம் ஒட்டிக்கொண்டு காற்றில் பறப்பதே அந்தப் பவுடரோடுதான். அமெரிக்காவில் அதை 2017 முதல் தடைசெய்துவிட்டார்கள். ஒவ்வாமை முற்றினால் அவசரத்துக்குப் போடும் அட்ரினலின் ஊசி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் என்று பதில் வந்தது. நாற்காலியில் உட்காராமலே திரும்பி வந்துவிட்டேன். அலங்காரத்துக்குக் குறைவில்லை, என்ன செய்ய!

மறுநாள் நாகர்கோவிலில் ஒரு சின்ன கிளினிக். மாடிப்படி குறுகல், வாசலில் செருப்புக் குவியல். டாக்டர் இளம்பெண். அரைமணி நேரம் வாயையே திறக்கச் சொல்லவில்லை, கேள்விகள்தான். ஆஸ்துமா உண்டா, எந்த மாத்திரை சாப்பிட்டுத் தடிப்பு வந்தது, கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகுமா? கடைசிக் கேள்வி நிக்கல் உலோகம் ஆகுமா என்று அறிய. சில வகைப் பல் உறைகளிலும் கம்பிகளிலும் அது இருக்கிறது. இழுப்பறையைத் திறந்து அட்ரினலின் ஆம்பூலின் காலாவதித் தேதியை அவரே எனக்குக் காட்டினார். வேர் சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் திரையும் பெரும்பாலும் இதே பாலில் செய்வதுதான் என்பதால், ரப்பர் கலக்காத திரை வரவழைக்க இரண்டு நாள் கேட்டார். பிறகு காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார். முந்தைய நாள் பறந்த தூசு இரவில் படிந்து, அறை துடைத்திருக்கும் நேரம் அது. ரப்பர் பால் சேராத நீல நிற நைட்ரைல் கையுறை, 4,500 ரூபாய், இரண்டு நாள் வேலை. ஒரு தும்மல்கூட வரவில்லை.

துணைக்கு வந்த அம்மாவுக்கும் ஆடுகிற பல் ஒன்று இருந்தது. “எனக்கு மரப்பு ஊசி ஆகாது மக்களே” என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறார். முன்பு பல் பிடுங்கப் போனபோது நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, வியர்த்துவிட்டதாம். டாக்டர் விடவில்லை. தடிப்பு வந்ததா? இல்லை. உதடு வீங்கியதா, மூச்சு இரைத்ததா? இல்லை. பிறகு எப்போதாவது தையல் போட்டார்களா? காலில் அரிவாள் பட்டபோது போட்டார்கள், மரப்பு ஊசி குத்தித்தான், ஒன்றும் ஆகவில்லை. மரப்பு மருந்து நெடுநேரம் நிற்பதற்காகச் சேர்க்கும் அட்ரினலின்தான் அன்று படபடப்பைத் தந்திருக்கும் என்றார் டாக்டர். லிக்னோகெயின் என்ற அந்த மரப்பு மருந்துக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆனால் அட்ரினலின் கலந்த ஊசிமருந்து கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்பைட் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் ஆஸ்துமா உண்டா என்றும் கேட்டுக்கொண்டார். பெனிசிலின் ஆகாதவர்கள் அதே இனத்து மருந்தான அமாக்சிசிலினைத் தொடக்கூடாது என்பதையும் வலி மாத்திரைகளைப் பற்றியும் சீட்டிலேயே எழுதித் தந்தார்.

பிரஷர் பார்த்துவிட்டு, அட்ரினலின் கலக்காத ஊசி போட்டு, பல்லை எடுத்தார். பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்காரவைத்தார். அம்மா பஞ்சைக் கடித்தபடி தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறியதும் பஞ்சைத் துப்பிவிட்டு முதலில் கேட்டது, இன்னொரு பல்லும் ஆடுகிறதே, நான் லண்டன் போகும் முன் அதையும் எடுத்துவிடலாமா என்பதுதான். பர்மிங்காம் என்று எத்தனை முறை திருத்தினாலும் அவருக்கு எல்லாம் லண்டன்.