மைனர் காரின் பிறேக் ஒயில் எங்கே போனது?

2012 இல் வவுனியாவில் வாங்கிய 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 இன்றும் கிளிநொச்சியில் என் முற்றத்தில்தான் நிற்கிறது. 1098 சிசி எஞ்சின். மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு என்று வயலுக்கும் கலியாணவீட்டுக்கும் அதில்தான் போய்வருகிறோம். எஞ்சின் என்னை ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. என்னைப் பயப்படுத்தியது பிறேக்தான்.

மாங்குளத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்துவோம் என்று மிதித்தால் பெடல் தட்டுவரைக்கும் போய்விட்டது. திரும்பவும் இரண்டு தரம் மிதிக்க, கொஞ்சம் பிடித்தது. மிச்சத்தைக் கைப் பிறேக்தான் பார்த்தது. அது கேபிளில் வேலை செய்வதால் ஒயில் இல்லாவிட்டாலும் பின் சில்லுகளைப் பிடிக்கும். இந்தக் காரில் பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளும் ஒரு மாஸ்ரர் சிலிண்டர்தான், சில்லுகளில் பிறேக்கைப் பிடிக்கவைக்கும் ஆறு வீல் சிலிண்டருக்கும் ஒயில் கொடுக்கிறது: முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பின்னுக்கு ஒவ்வொன்று. எந்த இடத்தில் ஒழுகினாலும் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை.

அதற்கு முன்னமே இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஒயில் குறைந்துகொண்டுதான் இருந்தது. ஊற்றி ஊற்றி ஓடினேன். அது பெரிய பிழை.

அடுத்த நாள் ஜாக் அடித்துப் பார்த்தேன். பின் இடப்பக்க ரயரின் உட்புறத்தில் கிறவல் ரோட்டுச் செம்மண் ஈரமாக அப்பியிருந்தது. பின் அச்சுக்குள் இருக்கும் அக்சில் ஒயிலும் அந்த இடத்தில் ஒழுகும் என்பதால் விரலில் தொட்டுப் பார்க்கவேண்டும். அக்சில் ஒயில் தடிப்பு, கந்தக மணம் அடிக்கும், தண்ணீரில் போகாது. பிறேக் ஒயில் மெல்லிசு, தண்ணீர் ஊற்றினால் கழுவுப்படும். கழுவுப்பட்டது. வீல் சிலிண்டரின் தூசி றப்பரை நீக்க, உள்ளுக்குள் சொதசொதவென்று கிடந்தது. கராஜில் ஒயிலை ஒழுகவிடாமல் தடுக்கும் றப்பர் வாசரை மட்டும் மாற்றித் தந்தார்கள். நாலு மாதத்தில் திரும்பவும் அதே ஈரம்.

அப்போதுதான் ஒரு வயதான மெக்கானிக் அண்ணை சிலிண்டரைக் கழுவி வெயிலில் பிடித்துக் காட்டினார். உட்சுவரில் ஊசி குத்தினாற்போலத் துருக்குழிகள். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மாரி மழையில் கார் மாதக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் இரும்பை அரிக்கும். குழி விழுந்த சுவரில் புது வாசரும் கிழியும். புதுச் சிலிண்டர் போட்டோம். சில்லை உரசிப் பிடிக்கும் பிறேக் லைனர் ஒயிலில் ஊறியிருந்தது, அதையும் எறிந்தோம். அதைக் கழுவிப் போடவே கூடாது.

ஆனாலும் ஒயில் குறைந்தது. நாலு சில்லும் காய்ந்திருக்க, எங்கே போகிறது?

“தம்பி, காலடியைப் பார்த்தீரோ?” என்று கேட்டார் அண்ணை. மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, காரின் அடிச் சட்டப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி மூடியைக் கழற்றினோம். ஒயில் பெயின்றைத் தின்று, இரும்பு வெறுமையாகத் துருப்பிடித்துக் கிடந்தது. நிலத்தில் ஒரு சொட்டுக்கூட விழாமல் உள்ளேயே தேங்கியிருக்கிறது.

அதைக் கழற்றுவதுதான் வேலை. போல்ட்டை இழுக்க விடாமல் முன் சஸ்பென்சனில் ஸ்பிறிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பியான தோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். அதை இறக்கவே அரைநாள் போனது. பூட்டும்போது அண்ணை போல்ட்டுகளை மறுபக்கத்தால் செலுத்தினார். அடுத்தமுறை பாரைத் தொடத் தேவையில்லை. பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சிறு இடைவெளி விட்டார். அது இல்லாவிட்டால் ஒயில் திரும்பிப் போகும் துளை மூடி, பிறேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பிறேக் குழாய்களுக்குள் நிற்கும் காற்றை எடுப்பதை மாஸ்ரருக்கு ஆகத் தூரமான பின் இடச் சில்லிலிருந்து தொடங்கினோம்.

ஒன்றரை வருடமாகிறது. டொட் 4 ரகப் பிறேக் ஒயில்தான் பாவிக்கிறேன். ஊற்றிய மட்டம் இறங்கவில்லை. பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் கீழே போவதில்லை. முன் வலப்பக்க றப்பர் குழாயில் மட்டும் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. மாரிக்கு முன் அதை மாற்றவேண்டும்.