நீலகிரிக் குளிருக்கு பைக் கிளவுஸ்: மூன்று குளிர்காலம், மூன்று மழைக்காலம் ஓட்டிய பிறகு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பைக் கிளவுஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது, "எவ்வளவு குளிர் தாங்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "நனைஞ்சா எப்போ காயும்?" நவம்பரில் நீர்ப்பனி, டிசம்பர் ஜனவரியில் உறைபனி, ஜூனில் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை. கீழ்நாட்டில் ஒரு மதிய வெயிலில் காய்கிற சாமான் இங்கே இரண்டு நாள் ஈரமாகவே தொங்கும். மறுநாள் காலை 6 மணிக்கு அதையே மாட்டிக்கொண்டு கிளம்பினால், தடிமனான லைனிங் கையைச் சூடாக்காது, கையிலிருக்கிற சூட்டை உறிஞ்சும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ரூ.2,000 இருந்தால், எல்லா அடுக்கையும் ஒன்றாகத் தைத்த 'ஆல் வெதர்' கிளவுஸ் ஒன்றில் மொத்தத்தையும் போடாதீர்கள். ரூ.1,200 முதல் 1,500 வரைக்கும் காற்றுப் புகாத, உள்ளங்கையில் நிஜத் தோல் வைத்த ஒரு ஜோடி. மீதிப் பணத்தில் கிளவுஸுக்குள் மாட்டும் மெல்லிய உள்ளுறை இரண்டு ஜோடி, மழைக்கு நீளமான ரப்பர் கிளவுஸ் ஒரு ஜோடி. அடுக்குகள் தனித்தனியாக இருந்தால் தனித்தனியாகக் காயும். மூன்று வருடப் பயன்பாட்டில் இந்த ஏற்பாடுதான் நிலைத்தது.

குளிர்க் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். காற்றடிப்புக் குளிருக்கான வழக்கமான சூத்திரப்படி, 5 டிகிரி இருக்கும் காலையில் 40 கி.மீ. வேகத்தில் போனால் மூடாத தோலுக்கு அது மைனஸ் 1 டிகிரி போல உறைக்கும். 2 டிகிரி என்றால் மைனஸ் 5. ஹேண்டில்பாரில் முதலில் காற்றைச் சந்திப்பது விரல் முட்டிகள்தான், அவற்றுக்கு முன்னால் மறைப்பு எதுவும் கிடையாது. இன்னொன்று, குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். தலைகுந்தா, காந்தல், எமரால்டு, அவலாஞ்சிப் பக்கம் புல் வெளுத்துக் கிடக்கும் காலையில், மேட்டுத் தோட்டத்தில் வெறும் நீர்ப்பனிதான் இருக்கும். வீட்டு வாசலில் கை தாங்குகிறது என்று மெல்லிய கிளவுஸோடு கிளம்புகிறவருக்குப் பள்ளத்து ரோட்டில்தான் விரல் மரத்துப்போகும்.

திபெத்தியர் சந்தையிலும் மார்க்கெட்டிலும் கிடைக்கும் கம்பளிப் பின்னல் கிளவுஸ் நடப்பதற்கு அருமையானது. பைக்குக்குத் தனியாக அது உதவாது. பின்னல் ஓட்டை வழியாகக் காற்று நேராக நுழையும். பிரேக் லீவரில் வழுக்கும் என்பது அதைவிட ஆபத்து. மெல்லியதாக இருந்தால் உள்ளுறையாகப் போடலாம்.

நல்ல குளிர்க் கிளவுஸில் நான்கு அடுக்கு இருக்கும். வெளித்துணி அல்லது தோல், தண்ணீர் புகாத மெல்லிய சவ்வு, பஞ்சு, உள்ளே கையில் படும் ஃப்ளீஸ். பஞ்சின் அளவை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று குறிப்பிடுவார்கள். தின்சுலேட் என்ற செயற்கைப் பஞ்சு போட்டவற்றில் 40, 100, 150 என்று பார்க்கலாம். நம் மலைக்குப் புறங்கையில் 100 போதும், உள்ளங்கையில் 40க்கு மேல் வேண்டாம். உள்ளங்கை தடித்தால் ஆக்சிலேட்டர் எவ்வளவு திரும்புகிறது என்பதே கைக்குத் தெரியாது. கிரிப்பை அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால் முன்னங்கை சீக்கிரம் சோர்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அந்தச் சோர்வு பிரேக் போடும் விரலில் தெரியும்.

லேபிளில் இ.என். 13594 என்று இருந்தால் அது மோட்டார் சைக்கிள் கிளவுஸுக்கான ஐரோப்பியத் தரம். கூடவே 1 கேபி என்று இருந்தால் விரல் முட்டிப் பாதுகாப்பும் சோதித்தது என்று பொருள். இ.என். 511 என்பது வேறு, அது குளிருக்கான தரம். பனிப்படிகப் படத்தின் கீழே மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் குளிர்காற்றுக்கு, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு, இரண்டுமே 0 முதல் 4 வரை. மூன்றாவது தண்ணீருக்கு, 0 அல்லது 1. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் கடைகளில், குளிர்பதனக் கிடங்கு வேலைக்கென்று விற்கும் கிளவுஸில் இந்தக் குறியைப் பார்க்கலாம். விலையும் பைக் கிளவுஸைவிடக் குறைவு. ஆனால் ரோட்டில் விழுந்து தேய்வதைத் தாங்க அதைத் தைக்கவில்லை. தோட்டத்து ரோட்டில் 25 கி.மீ. வேகத்தில் பால் கொண்டுபோகிறவருக்கு ஒத்துவரும், மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு ஒத்துவராது.

கடையில் செய்யும் சோதனைகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கிளவுஸின் புறங்கைப் பகுதியில் வாயை அழுத்தி வைத்து வேகமாக ஊதுங்கள், மறு கையை உள்ளே விட்டிருங்கள். மூச்சு உள்ளே தெரிந்தால் காற்றும் உள்ளே வரும், பஞ்சு எத்தனை கிராம் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அடுத்து லைனிங். கையை மாட்டி, உள்ளே விரல் நுனியை லேசாக மடக்கி, கையை வெளியே இழுங்கள். லைனிங்கும் கூடவே வெளியே வந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். விரல் நுனியில் லைனிங்கை வெளி உறையோடு தைக்கவோ ஒட்டவோ செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மழையில் ஈரக்கை லைனிங்கைப் புரட்டிக்கொண்டு வரும். பிறகு அது பழைய இடத்துக்குப் போகாது, பென்சிலால் குத்தி உள்ளே தள்ளினால் சவ்வு கிழியும்.

அளவைக் கட்டைவிரலைத் தவிர்த்து, முட்டிகளைச் சுற்றி டேப் வைத்து எடுக்க வேண்டும். உள்ளுறை போடுவதாக இருந்தால் உள்ளுறையோடு அளவெடுங்கள். விரலை நீட்டினால் நுனியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடம் வேண்டும். இறுக்கமான கிளவுஸில் பஞ்சு நசுங்கிவிடும். சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சுக்கு நடுவில் நிற்கிற காற்று, நசுங்கினால் அது போய்விடும், ரத்த ஓட்டமும் குறையும். 'சிக்குனு இருந்தாத்தான் கதகதப்பு' என்று வாங்குகிறவர்களுக்குத்தான் முதலில் விரல் விரைக்கும். மாட்டிய கையோடு வண்டியில் உட்கார்ந்து கிளட்ச் பிடித்து, இண்டிகேட்டர், ஹாரன், டிப்பர் அழுத்தி, சாவியைத் திருப்பிப் பாருங்கள். இடது ஆள்காட்டி விரலில் ஹெல்மெட் கண்ணாடி துடைக்கும் சின்ன ரப்பர் பட்டை இருந்தால் கூடுதலாக நூறு ரூபாய் கொடுக்கலாம். மேகம் இறங்கிய ரோட்டில் அதன் அருமை தெரியும். மொபைல் திரைக்கான விரல் நுனி சில மாதத்தில் தேய்ந்துவிடும், அதற்காக விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

மூன்று வருடத்தில் எது எப்போது கெட்டது என்று பார்த்தால், முதலில் போவது வெல்க்ரோ. மணிக்கட்டுப் பட்டையின் முட்பக்கத்தில் ஃப்ளீஸ் நூலும் ஸ்வெட்டர் பஞ்சும் அடைந்து ஒட்டாமல் போகும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் மீண்டும் பிடிக்கும், இது பழுதே இல்லை.

இரண்டாவது பெரிய பிரச்சினை, உள்ளங்கையில் தோல் மாதிரி இருக்கும் செயற்கைத் தோல். புதிதாக இருக்கும்போது நிஜத் தோலைவிட வழவழப்பாக அழகாக இருக்கும். அதன் மேல்பூச்சு பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் கிரிப் படும் இடத்தில் மீன் செதில் போல உரியத் தொடங்கும். ஒரு முறை தொடங்கினால் எதை ஒட்டினாலும் நிற்காது. பீரோவுக்குள் வைத்திருந்தாலும் உரியும், அதனால் 'எப்போதாவதுதான் போடுவேன்' என்ற சமாதானம் செல்லாது. அதே வருடங்களில் ஆட்டுத்தோல் உள்ளங்கை கறுத்தது, சுருங்கியது, உரியவில்லை. கடைக்காரர் இரண்டையும் 'லெதர்' என்றே சொல்வார். ஓரத்தில் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நிஜத் தோலில் நார் தெரியும், செயற்கையில் துணி மேல் பூச்சு தெரியும்.

மூன்றாவது, தண்ணீர்க் கசிவு. அது எப்போதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டில்தான் தொடங்கும், அதுவும் ஆக்சிலேட்டர் திருப்புகிற வலது கையில். உள்ளே சவ்வு மடிந்து மடிந்து அங்கேதான் விரிசல் விடும். வெளித் தையல் பிரிந்தால் செருப்புத் தைப்பவரிடம் நைலான் நூலில் தைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளி உறையை மட்டும் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். ஊசி சவ்வைத் துளைத்தால் துளைக்கு ஒரு சொட்டு.

சவ்வு நன்றாக இருந்தும் கை ஜில்லிடுவதற்கு வேறு காரணம் உண்டு. புதிய கிளவுஸில் மழைத்துளி சேம்பு இலைத் தண்ணீர் போல உருண்டோடும். மேல்பூச்சு தேய்ந்த பிறகு வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். உள்ளே நனையாவிட்டாலும், காற்றடித்து அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் விலக்கும் ஸ்பிரே அடித்தால் ஓரளவு திரும்பும். துணி மென்மையாக்கும் திரவத்தில் மட்டும் அலசிவிடாதீர்கள், இருக்கிற பூச்சையும் அது கெடுத்துவிடும்.

ஆகவே விடாத மழைக்கு ரப்பர் கிளவுஸ். உரக்கடைகளில் மருந்து அடிப்பதற்கென்று விற்கும் நீளமான நைட்ரைல் அல்லது ரப்பர் கிளவுஸில், உள்ளங்கை சொரசொரப்பாக இருக்கும் வகையை ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளுறைக்கு மேல் மாட்ட வேண்டும். ஜூலை மாதத்து 12, 15 டிகிரி மழைக்கு இது போதும். வியர்வை வெளியேறாது என்பதால் உள்ளுறை அரை மணி நேரத்தில் ஈரமாகும், இரண்டாவது ஜோடி அதற்குத்தான். மருந்து அடித்த பழைய கிளவுஸைக் கழுவிப் பயன்படுத்தும் யோசனையே கூடாது, மருந்து ரப்பருக்குள் ஊறியிருக்கும். விழுந்தால் இந்த ரப்பர் கையைக் காப்பாற்றாது என்பதையும் மனதில் வைத்து வேகத்தைக் குறையுங்கள்.

மழையில் கிளவுஸ் வாயை ரெயின்கோட் கைக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் கையில் வழிகிற தண்ணீர் முழுவதும் கிளவுஸுக்குள் இறங்கும். மழையில்லாத குளிரில் நேர்மாறாக, கிளவுஸ் வாய் ஜெர்கின் கைக்கு மேலே.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களுக்கு ஒரு சிக்கல். பர்லியாறு தாண்டும்போதே கை வியர்க்கும். அந்த ஈரத்தோடு சாயங்காலம் மலையேறினால் மரப்பாலம் தாண்டியதும் விரல் விறைக்கும். இறங்கும்போது மலையடிவாரத்துக் கல்லாறில் நிறுத்தித் தடித்த கிளவுஸைக் கழற்றி மெல்லியதை மாட்டுங்கள். கழற்றியதைப் பைக்குள் திணிக்காமல், வாய் திறந்து காற்றுப்படும்படி வலைக்கயிற்றில் கட்டிக்கொண்டு போங்கள்.

காசு அதிகம் செலவாகாத மூன்று உதவிகள். லீவர் உலோகம் விரல் நுனிச் சூட்டை உறிஞ்சும். பழைய சைக்கிள் டியூபை நறுக்கி இரண்டு லீவரிலும் இறுக்கமாக ஏற்றிவிட்டால் அந்த உறிஞ்சல் குறையும். டியூப் தளர்வாக இருந்தால் லீவரில் சுழலும், அப்போது வேண்டாம். பழைய கம்பளி சாக்ஸின் பாதத்தை வெட்டிவிட்டு, மேல் குழாயை மணிக்கட்டில் போடுங்கள். ரத்தம் தோலுக்குப் பக்கத்தில் ஓடும் இடம் அது. கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள், இறுகிய கிளட்ச் கையைச் சோர்வாக்கும்போது குளிரும் கூடத் தெரியும். இவை தவிர, ஹேண்டில்பாரில் மாட்டும் பை போன்ற உறை, எந்தக் கிளவுஸையும்விட நன்றாகக் காற்றை மறைக்கும். ஆனால் தொளதொளவென்று கட்டினால் காற்று அதை அமுக்கி பிரேக் லீவரைத் தொட வைக்கும். கட்டியதும் வண்டியைத் தள்ளிப் பார்த்து, பிரேக் பிடிக்காமலே பிரேக் லைட் எரிகிறதா என்று கவனியுங்கள்.

நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு கைக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். ஜெர்கினுக்குள் ஒரு ஸ்வெட்டர் கூடுதலாகப் போடுவது கிளவுஸுக்குச் செய்யும் உதவி. விரல் மரத்துவிட்டால் கையைக் கொதிநீரில் விடாதீர்கள், உணர்ச்சி இல்லாததால் வெந்தது தெரியாது. விரல் அடிக்கடி வெள்ளையாக வெளுத்துப்போனால் அது கிளவுஸ் விஷயமில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காயவைப்பதில்தான் பாதி கிளவுஸ்கள் பாழாகின்றன. கணப்பு அடுப்பின் பக்கத்திலும் சூடான சைலன்சர் மேலும் வைத்தால் தோல் அப்பளம் போல விறைக்கும், சவ்வை ஒட்டிய பசை விடும். பிழியவும் கூடாது. உள்ளே தினத்தந்தியோ தினமலரோ கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள், மூன்று தடவை போதும். பிறகு விரல்கள் மேலே இருக்கும்படி இரண்டு குச்சியில் மாட்டி, காற்றோட்டமான நிழலில் நிறுத்துங்கள். தோலில் பூசணம் வந்தால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு லேசான ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்கவும். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். ஊட்டியில் அது பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும், தோலின் துளையிலும் அப்படியே உறைந்து அழுக்கைப் பிடித்து வைக்கும். தோலுக்கென்று விற்கும் மெழுகு பட்டாணி அளவு, வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சில் ஒன்று, பருவமழைக்கு முன் மே கடைசியில் ஒன்று.